கோட்டைக்குள் தவளம்

மட்டக்களப்புக் கோட்டை என்றால் எங்கள் ஊராருக்குப் பல்லாண்டு காலம் கச்சேரிதான். காணி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியக் கடிதம், வெள்ள நிவாரணம், நட்டஈட்டு விண்ணப்பம் என்று ஏதாவதொரு கடதாசிக்காக அந்த வாசலுக்குள் நுழைந்தவர்கள்தாம் எல்லோரும். கையில் பைல் கட்டோடு போகிறவனுக்கு வாசலின் மேலே கல்லில் செதுக்கியிருக்கும் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம் கண்ணில் படுவதில்லை. பட்டாலும் அது என்னவென்று கேட்க அங்கே நேரமில்லை. நான் முதன்முதலாக அதைக் காட்டிக் கொடுத்தபோது ஒரு மாணவன், “வீ.ஓ.சீ. என்டா கப்பலோட்டிய தமிழர்தானே சேர்?” என்று கேட்டான். இதுவும் கப்பலோட்டியவர்களின் சின்னம்தான், ஆனால் அவரல்ல என்று சொல்லிச் சமாளித்தேன்.

2023 ஆம் ஆண்டில் எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் சில சேர்ந்து அந்தக் கோட்டையில் ஒரு சனிக்கிழமையை வரலாற்று நாளாக நடத்துவதென்று முடிவாயிற்று. பிள்ளைகள் அக்கால மனிதர்களாக உடுத்திக்கொண்டு, அக்கால வேலைகளைச் செய்துகொண்டு நிற்பார்கள். ஊர்ச்சனம் வந்து பார்க்கும், கேள்வி கேட்கும். மேல்நாடுகளில் இது பழகிய காரியம். கனடாவில் லூயிஸ்பேர்க் என்றொரு பிரெஞ்சுக் கோட்டை நகரம் உண்டு. 1745 இலும் 1758 இலும் ஆங்கிலேயர் கைப்பற்றி, பின்னர் தகர்த்த இடம். 1961 முதல் அதன் ஒரு பகுதியை மீளக் கட்டினார்கள். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வேலையிழந்து நின்ற அப்பகுதித் தொழிலாளர்களே கல் செதுக்கப் பழகி அதைக் கட்டியெழுப்பினார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. இப்போது கோடை காலத்தில் அங்கே போனால் 1744 ஆம் ஆண்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்குமாம். ரொட்டி சுடுகிறவன், துணி துவைக்கிறவள், வாசலில் மறித்து நீ யாரென்று அதட்டும் சிப்பாய். அங்கே குடியேறிய என் மச்சான் ஒருவர் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பிய படத்தைத்தான் நான் ஆசிரியர் கூட்டத்தில் காட்டினேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. மறுநாளே தச்சு வேலை தெரிந்த ஒருவர் மரத்தில் துவக்குச் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டார். பன்னிரண்டு துவக்கு, இரண்டு வாள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

எங்கள் பாடசாலையில் தரம் ஒன்பது படிக்கும் ஒரு பையன் உயரமானவன், நிமிர்ந்து நடப்பவன். அவனை ஒல்லாந்தச் சிப்பாயாக நிறுத்துவதென்று பேச்சு. அடுத்த நாள் காலையில் அவனது உம்மா வந்து வகுப்பறை வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“மகனுக்குத் துவக்குக் கொடுக்கப் போறீங்களாமே சேர்.”

“மரத்தால செய்தது ராத்தா. விளையாட்டுச் சாமான் மாதிரித்தான்.”

“மரமோ இரும்போ, அதை அவன்ட கையில நான் பாக்க ஏலா. வேற என்ன வேலை என்டாலும் கொடுங்க, தண்ணி அள்ளச் சொன்னாலும் அள்ளுவான்.”

அவ்வளவுதான் சொன்னார். காரணம் சொல்லத் தேவையிருக்கவில்லை. 1990 ஓகஸ்டில் ஏறாவூரில் நடந்ததில் அவரது வாப்பா மௌத்தானவர் என்பது ஊரறிந்தது. அப்போது அவருக்கு எட்டு வயதிருக்கும். எனக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

பிற்பகலில் இன்னொரு குரல் வந்தது. ஊரில் பொறுப்பான ஒருவர். அவரது கவலை வேறு. “மாஸ்டர், நம்மட பொடியன்கள் துவக்கோட வரிசையா நிக்கிற போட்டோ ஒண்டு பேஸ்புக்கில வந்தா, கீழ என்ன எழுதுவாங்க என்டு யோசிச்சீங்களா? மரம் என்டு யார் பாக்கப் போறாங்க?” என்றார்.

2019 ஏப்ரல் 21 இல் அதே நகரத்தில், சீயோன் தேவாலயத்தில், ஞாயிறு காலையில் வந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் செத்துப்போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக நாங்களும் அழுதோம். ஆனால் எங்கள் அழுகையையும் சந்தேகத்தோடு பார்த்த காலம் அதன்பின் வந்தது. வீட்டில் கறிக்கத்தி ஒன்றுக்கு மேல் இருந்தாலே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே அவர் சொன்னதைக் கோழைத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாய்க்கு 1990, ஒரு பெரியவருக்கு 2019. இரண்டுக்கும் நடுவில் 1638 ஆம் ஆண்டின் சிப்பாயை எங்கே நிறுத்துவது?

கூட்டுக்குழுவில் இதை எப்படிச் சொல்வதென்று தயங்கிக்கொண்டே போனேன். தமிழ்ப் பாடசாலையொன்றிலிருந்து வந்திருந்த ரீச்சர் என்னை முந்திக்கொண்டார். “துவக்கு வேணாம் சேர். எங்கட பிள்ளைகள்ட தாய்மாரும் அதைத்தான் சொல்றாங்க” என்றார். அவரது அண்ணனை 1990 செப்ரெம்பரில் கொண்டுபோனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. சத்துருக்கொண்டான் பக்கத்து உறவுகளும் அவருக்கு உண்டு. அந்த மேசையில் இருந்த ஏழெட்டுப் பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தேநீர் வந்தது.

துவக்கில்லாத கோட்டை எப்படியிருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குச் சரித்திரம் உண்மையில் சுவைக்கத் தொடங்கியது. ஒரு கோட்டையில் துவக்குச் சத்தம் கேட்கும் நாட்கள் மிகக் கொஞ்சம். மற்ற நாட்களெல்லாம் அரிசி அளப்பதும், விறகு பிளப்பதும், காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி காய்ச்சுவதும், கணக்கு எழுதுவதும்தான். அரிசியைக் கொண்டுவந்தவன் யார்? விறகு வெட்டியவன் யார்? அந்நிய மொழி பேசியவனுக்கு ஊர்ச்சொல்லைப் பெயர்த்துச் சொன்னவன் யார்? இவர்களை நிறுத்துவோம் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தச்சர் மட்டும் கொஞ்சம் மனம் சோர்ந்தார். அவரிடம் மரக்கால், பெட்டகம், தராசு என்று வேறு வேலை கொடுத்தோம்.

இந்த இடத்தில் கோட்டையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1602 இல் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவன் மட்டக்களப்பில் வந்திறங்கி, பிந்தனை வழியாகக் கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தான். போர்த்துக்கேயரை விரட்ட ஒரு துணை கிடைத்ததென்று மன்னன் மகிழ்ந்தான். மறு ஆண்டே வந்த இன்னொருவன், செபால்ட் டி வேர்ட், மன்னனோடு வாய்த்தகராறு பட்டுத் தன் ஆட்களோடு கொல்லப்பட்டான். அதுவும் மட்டக்களப்பில்தான். பிறகு 1628 இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில், வாவி இரண்டு பக்கம் காவல் நிற்க, இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். பத்து ஆண்டு கழிந்து 1638 மே 18 இல் அது ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. பின்னர் கண்டி மன்னன் கைக்குப் போய், திரும்பவும் ஒல்லாந்தர் கைக்கு வந்து, 1795 இல் ஆங்கிலேயருக்கு மாறியது. கொடி மாறியதே தவிர வாவி அப்படியே கிடந்தது.

கோட்டை கட்டுவதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1626 இல், மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றுக்கொண்டு, பெருந்தொகையானோரைக் கிழக்கில் குடியிருத்தினான். நாலாயிரம் பேர் என்று நூல்கள் சொல்கின்றன. இதை வைத்துக்கொண்டு நம்மவர் சிலர் கிழக்கு முஸ்லிம்களின் கதையே 1626 இல்தான் தொடங்குகிறது என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முக்குவருக்குத் துணைநின்ற சோனகரைப் பற்றிய கதை ஏறாவூரிலும் மட்டக்களப்பிலும் இரு சமூகத்தாரும் சொல்வது. தாய்வழிக் குடிமுறை நம்மிடமும் அவர்களிடமும் இருப்பது ஓர் இரவில் வந்ததாக இருக்க முடியாது. வந்தவர்களும் உண்டு, இருந்தவர்களும் உண்டு. வந்தவர்கள் இருந்தவர்களிடம் பெண்ணெடுத்து ஊராகிப் போனார்கள்.

எங்கள் பாடசாலைக்குத் தவளம் கிடைத்தது. பொதி மாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிக்கொண்டு கரையிலிருந்து மலைநாட்டுக்குப் போய், பாக்கும் மற்றப் பொருட்களும் ஏற்றித் திரும்பிய வணிகம். கண்டி இராச்சிய காலத்தில் முஸ்லிம்கள் பெரும்பங்கு செய்த தொழில் அது. கரையில் ஒல்லாந்தன், மலையில் மன்னன், இருவருக்கும் பகை. ஆனால் மலையில் இருப்பவனுக்கும் உப்பு வேண்டும். உப்புக் கொண்டுபோனவன் இரண்டு பக்கத்தாருக்கும் சலாம் சொல்ல வேண்டியவன், இரண்டு பக்கத்தாராலும் ஒற்றனென்று சந்தேகிக்கப்பட வேண்டியவன். இதைப் பிள்ளைகளுக்கு நான் விளக்கியபோது, பின்வாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை “இப்பவும் அப்படித்தானே சேர்” என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாடு கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை. தொன்மைச் சின்னத்துக்குள் மாடு வரக்கூடாதாம், நியாயந்தான். ஆகவே பொதிச்சாக்குகளை மட்டும் கொண்டுபோனோம். சாக்கைப் பின்னிக் கொடுத்தவர் எங்கள் ஊரில் எண்பது கடந்த ஒரு மூத்தாப்பா. தவளம் அவர் கண்டதில்லை. ஆனால் வட்டையிலிருந்து நெல் ஏற்றிய மாடுகளைச் சிறுவயதில் மேய்த்தவர். பொதி எந்தப் பக்கமும் சரியாதிருக்க எப்படிக் கட்ட வேண்டும் என்று பையன்களுக்கு இரண்டு பின்னேரம் பழக்கினார். “ஒரு பக்கம் கனத்தா மாடு படுத்திரும் மனே, பிறகு நீதான் சுமக்கணும்” என்பார்.

அந்தச் சனிக்கிழமை வெயில் சுட்டது. கச்சேரிக்கு விடுமுறை என்பதால் முற்றம் எங்களுடையதாயிருந்தது. ஒரு மூலையில் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் நெல் குற்றினார்கள். இன்னொரு மூலையில் கம்பனியின் எழுதுவினைஞனாக ஒரு பையன் கோழி இறகைத் தொட்டுத் தொட்டு எழுதிக் கை முழுதும் மையாக்கிக்கொண்டிருந்தான். ஊழியம் பற்றிய ஒரு பகுதியையும் நாங்கள் வைத்திருந்தோம். ஒல்லாந்தர் தாம் ஆண்ட கரையோரத்தில் முஸ்லிம்களையும் செட்டிகளையும் வெளியார் என்று கணக்கெடுத்து, ஆண்டுதோறும் கம்பனிக்குக் கூலியில்லாமல் வேலை செய்ய வைத்தார்கள், அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வைத்தார்கள். நம்முடைய ஊழியம் என்ற சொல்லையே எடுத்துத் தங்கள் மொழியில் எழுதி வைத்துக்கொண்டார்கள். சொல்லுக்கும் சேர்த்து வரி கட்டாத குறைதான். அந்தப் பகுதியில் நின்றவன்தான் துவக்குக் கிடைக்காத நம் உயரமான பையன். அவன் செய்ததெல்லாம் கல்லை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பதுதான். காலை ஒன்பது மணியிலிருந்து லுஹருக்குப் பாங்கு சொல்லும் வரை வைத்துக்கொண்டிருந்தான். யாராவது “தம்பி, என்ன செய்யிறாய்?” என்று கேட்டால் “ஊழியம்” என்பான். “சம்பளம் எவ்வளவு?” என்றால் “இல்ல” என்பான். அதற்கு மேல் பேசமாட்டான். அன்று வந்தவர்கள் அதிக நேரம் நின்று பார்த்தது அவனைத்தான்.

ஆனால் நான் மனத்தில் பெரிதாக நம்பியிருந்தது ஒப்பந்தக் காட்சியை. கோட்டை வீழ்ந்து ஐந்து நாள் கழித்து, 1638 மே 23 இல், இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி அடம் வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். போர்த்துக்கேயரிடமிருந்து பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்கலாம் என்பது அதன் மூன்றாம் உறுப்புரை. அதிலே “மன்னர் விரும்பினால்” என்று ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சொற்கள் ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. 1640 இல் நீர்கொழும்பும் காலியும் பிடிபட்டபோது மன்னன் தன் பிரதியைக் காட்டினான், அவர்கள் தங்கள் பிரதியைக் காட்டினார்கள், படை அங்கேயே நின்றது. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்கள மக்கள் இதைச் சொல்வார்கள்.

மன்னனாக நிற்க ஒரு தமிழ்ப் பையன், தளபதியாக நம் பையன், மொழிபெயர்ப்பாளராகத் தமிழ்ப் பாடசாலை மாணவி. காட்சி முடிந்ததும் கூட்டத்திலிருந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர், வெள்ளை வேட்டிக்காரர், “மகள், நீதானே ரெண்டு பக்கமும் வாசிச்சுச் சொன்னாய். ரெண்டு கடதாசியும் ஒண்டில்லை என்டு ஏன் சொல்லயில்லை?” என்று அந்தப் பிள்ளையைக் கேட்டார். அது நாங்கள் எழுதிக்கொடுத்த உரையாடலில் இல்லாத கேள்வி. பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். “என்னட்ட ஒரு கடதாசிதான் தந்தவங்க ஐயா” என்றாள்.

அவர் பலமாகச் சிரித்துவிட்டு, தவளம் பக்கம் வந்தார். உப்புப் பொதிக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் பிள்ளையிடம், “நீங்க ஆக்கள் எப்ப இஞ்ச வந்தனீங்க?” என்று கேட்டார். கேட்ட விதத்தில் கெடுதியிருந்ததாக நான் சொல்லமாட்டேன். ஆனாலும் என் நெஞ்சு ஒருமுறை நின்று அடித்தது. இந்தக் கேள்வியை நான் எத்தனையோ இடத்தில், எத்தனையோ தொனியில் கேட்டிருக்கிறேன். 1626 பற்றிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன், செனரத் மன்னன் பெயரையும் மனப்பாடமாக்கியிருந்தாள். அவளோ அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. “நாங்க காலையில ஏழரை பஸ்ஸில வந்த ஐயா” என்றாள். கேலியாகச் சொன்னாளா, கேள்வி விளங்காமல் சொன்னாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள். பெரியவரும் விடவில்லை, அவளுக்கு எந்தக் குடி என்று விசாரித்தார். அவள் சொன்னாள். அவர் தன் குடியைச் சொன்னார். பிறகு இருவரும் பொதி கட்டுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அவருடைய தகப்பனாரும் மாடு வைத்திருந்தவராம்.

பின்னேரம் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது தரம் பதினொன்று மாணவன் ஒருவன் வந்து, “அடுத்தமுறை 90 ஐயும் செய்யலாமா சேர்?” என்று கேட்டான். ரீச்சரும் பக்கத்தில் நின்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அமெரிக்காவில் வில்லியம்ஸ்பேர்க் என்ற பழைய நகரத்தில் 1994 இல் அடிமை ஏலம் ஒன்றை அப்படியே நடித்துக் காட்டினார்கள். கறுப்பின மக்களின் அமைப்புகளிலிருந்தே எதிர்ப்பு வந்தது. எங்கள் முன்னோரின் நோவை விளையாட்டுக் காட்சியாக்குகிறீர்கள் என்றார்கள். அதை நடத்தியவர்களிலும் கறுப்பினத்தவர் இருந்தனர். மறைத்து வைத்தால் மட்டும் நோவு தீருமா என்று அவர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு இடையில் நூறு ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தது. எங்களுக்கு அந்தத் தாய் இன்னும் வகுப்பறை வாசலில்தான் நிற்கிறார். வாளெடுத்தவனாகவும் வெட்டுண்டவனாகவும் பிள்ளைகளைப் பிரித்து நிறுத்தும் காரியம் ஒன்றுக்கு என் கை போகாது. எந்தப் பிள்ளைக்கு எந்த வேடம் என்று யார் தீர்மானிப்பது? போர்த்துக்கேயனும் ஒல்லாந்தனும் போய்விட்டவர்கள், அவர்களாக நடிக்க யாருக்கும் கூச்சமில்லை. 90 இல் நின்றவர்கள் எல்லோரும் நம் அயலவர்.

அதனால் வேறொன்று தொடங்கியிருக்கிறோம். நடிப்பு இல்லை, உடுப்பு இல்லை. பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கொப்பியில் எழுதுகிறார்கள். சம்மதித்தவர்களின் குரலைக் கைத்தொலைபேசியில் பதிகிறார்கள். ரீச்சரின் பாடசாலையிலும் இதே வேலை நடக்கிறது. கேள்விகளை இருவரும் சேர்ந்தே எழுதினோம். “யார் செய்தது” என்பது முதற் கேள்வியல்ல; “அன்று காலையில் வீட்டில் என்ன சமைத்தீர்கள்” என்பதுதான் முதற் கேள்வி. அதிலிருந்து தொடங்கினால் அவர்களே சொல்கிறார்கள். சிலர் சமையலோடு நிறுத்திவிடுகிறார்கள். அதையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதுவரை எங்கள் பக்கம் பதினொரு பேர், அவர்கள் பக்கம் ஒன்பது பேர். உயரமான பையனின் உம்மா அந்தப் பதினொருவரில் இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. போன வாரம் அவன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். உம்மாவிடம் கேட்டானாம். பருப்பும் பாற்சோறும் என்று மட்டும் சொல்லிவிட்டு, எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாராம்.